பொன்னியின் செல்வனுக்கு அடுத்த புத்தகத்தை எங்கே தேடுவது?

"பொன்னியின் செல்வனை முடித்துவிட்டேன். அடுத்து என்ன படிக்கலாம்?" நூலகத்திலோ புத்தகக் கடையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. ஐந்து பாகங்களையும் விடாமல் படித்து முடித்தவர் கேட்பதால், இதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவருக்கு இன்னொரு நாவல் மட்டும் போதாது. ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார், நந்தினி என்று ஒருத்தி வாழ்ந்தாளா, அந்தக் காலத்தில் ஊரை யார் நிர்வகித்தார்கள், கோயிலில் ஆடிய பெண்கள் யார் என்றெல்லாம் மனத்துக்குள் கேள்விகள் முளைத்திருக்கும். கதை, வரலாறு, ஆய்வு ஆகிய மூன்றுக்கும் வாசல் திறந்திருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய அடுத்த பத்தாண்டு வாசிப்பு அமையும்.

புத்தகம் தேட இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. இணையக் கடை, புத்தகக் காட்சி, நூலகம், மின்னூலகம், பழைய புத்தகக் கடை, படித்த நண்பர், கையிலிருக்கும் புத்தகத்தின் அடிக்குறிப்பு என்று எல்லாமே இருக்கின்றன. விலை, தூரம், வசதி ஆகியவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன்: அங்கே ஒரு புத்தகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புத்தகத்தை வைத்தது யார், எந்தக் கணக்கில் வைத்தார்? புதிதாக ஒன்று கண்ணில் படுமா படாதா என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. நம் பொன்னியின் செல்வன் வாசகரையே ஒவ்வொரு வழியிலும் அனுப்பிப் பார்க்கலாம்.

இணையக் கடையில் வரிசையைத் தீர்மானிப்பவர்கள் வாங்கியவர்கள். இதை வாங்கியவர் எதை வாங்கினாரோ அதுவே அடுத்துக் காட்டப்படும். நம் வாசகருக்குப் பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் வரும், கடல் புறா வரும், உடையார் வரும். எல்லாம் படிக்க வேண்டியவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சோழர் கதைக்கு அடுத்து இன்னொரு சோழர் கதை, அதற்கு அடுத்துப் பல்லவர் கதை என்று ஒரே தெருவில் நடக்க வைக்கிறது அது. ஒரு கல்வெட்டுத் தொகுதியை அது தானாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தாது, ஏனென்றால் அதை வாங்கியவர்கள் குறைவு. என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு, அருகில் புத்தகக் கடையே இல்லாத ஊருக்கு வரவழைத்துக்கொள்ள இணையக் கடையைப் போல உதவுவது வேறில்லை. தேடுவதற்கு அதை நம்பாதீர்கள்.

புத்தகக் காட்சி வேறு மாதிரி. சென்னையில் 1977-இல் அண்ணா சாலைப் பள்ளியொன்றில் சிறிய அளவில் தொடங்கியது, இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் நிறையும் திருவிழாவாகப் பொங்கலையொட்டி நடக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் நடக்கிறது. இப்போது மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் நடக்கின்றன. பத்து சதவீதக் கழிவு உண்டு. இங்கே வரிசை பதிப்பகத்தின்படி. ஒரு பதிப்பகம் வெளியிட்ட எல்லாம் ஒரே அரங்கில் இருக்கும். ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் பத்து அரங்குகளில் சிதறிக் கிடக்கும். சோழர் பற்றி வாங்க வந்தவர் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் கைப்பை நிறையும். கூட்டமோ பெயர் தெரிந்த நாலைந்து அரங்குகளின் முன்னால்தான் நிற்கும்.

பல வகையான புத்தகங்கள் வேண்டும் என்பவர், கூட்டமில்லாத அரங்குகளுக்கு முதலில் போக வேண்டும். சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தொல்லியல் துறை, பல்கலைக்கழக அரங்குகள் ஆகியவற்றில் அலங்காரம் இருக்காது. அட்டைப்படமும் மங்கலாகவே இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் விடமாட்டீர்கள். சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசையில் வரும் மெல்லிய நூல்களை ஓர் இரவில் படித்துவிடலாம். ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் அறிமுகம் செய்து, அடுத்து எதைப் படிப்பது என்ற வழியையும் காட்டிவிடும். நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்த பிறமொழி நாவல்களைச் சொல்லியே ஆக வேண்டும். குர்அதுலைன் ஹைதரின் 'அக்னி நதி' மௌரியர் காலத்திலிருந்து தேசப் பிரிவினை வரை ஒரே நூலுக்குள் பயணம் செய்கிறது. அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' கிழக்கு வங்கக் கிராமத்தை நம் ஊர் போல ஆக்கிவிடுகிறது. வரலாற்று நாவல் என்றால் அரண்மனையும் வாள்வீச்சும்தான் என்று நினைத்திருந்தவருக்கு இவை இரண்டும் போதும்.

நூலகத்தில் வரிசை பொருளின்படி. எளிய செய்தி போலத் தோன்றினாலும் புத்தகம் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது. வாசகருக்கு நூல் தேவை என்று எல்லோரும் சொல்வார்கள். நூலுக்கு வாசகர் தேவை என்று நூலின் பக்கம் நின்று பேசியவர் அவர். அதற்காகத்தான் வாசகர் தாமே போய் அடுக்கில் கைவைத்து எடுக்கும் திறந்த முறையை வலியுறுத்தினார். பக்கத்தில் நிற்கும் புத்தகம் நம்மைப் பார்க்க வேண்டும் என்றால் நாம் அடுக்கின் முன்னால் நிற்க வேண்டும் அல்லவா?

அடுக்கின் முன்னால் நிற்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்யூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, இந்திய வரலாற்றுக்கு 954, நாட்டார் வழக்காற்றுக்கு 398. ஒரே சோழநாட்டைப் பற்றிய நாவலும் வரலாறும் நாட்டுப்புறக் கதையும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ் நூல்கள் இரண்டாம் தளத்திலும், வரலாற்றுப் பிரிவு ஏழாம் தளத்திலும் இருக்கின்றன. பலர் இரண்டாம் தளத்திலேயே அமர்ந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். லிப்டில் ஐந்து மாடி ஏறினால் அதே ராஜராஜன் வேறு முகத்தோடு நிற்கிறான். மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரு பிரிவோடு நின்றுவிடாதீர்கள்.

பெரிய நூலகம் இல்லாத ஊரிலும் கிளை நூலகம் உண்டு. சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட பாதை அது. நாம் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகங்களை நாமே எடுத்துப் படிக்காமல் இருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கிளை நூலகத்தில் ஏதாவது நாவலை எடுத்துப் பின்னட்டைப் பக்கம் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து, தாள் தீர்ந்து, இன்னொரு தாள் ஒட்டியிருப்பார்கள். நாலு அடி தள்ளி நிற்கும் வரலாற்று நூலைத் திறந்தால் தாள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். நாவலைப் படித்த அத்தனை பேரும் அந்த நாலு அடியை நடக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

நூலகத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். கிளை நூலகங்களுக்கு என்ன புத்தகம் வரும் என்பதை, பதிப்பகங்களிடமிருந்து நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் நூலக ஆணைதான் தீர்மானிக்கிறது. ஆணை தாமதமானால் சில ஆண்டுகளின் புதிய நூல்களே அங்கே இருக்காது. ஆய்வு நூல்கள் மாவட்ட மைய நூலகத்தோடு நின்றுவிடும். புதியது வேண்டுமென்றால் புத்தகக் காட்சி. பரப்பு வேண்டுமென்றால் நூலகம்.

இனி நான் மிகவும் மதிக்கிற வழிக்கு வருகிறேன். அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும். இங்கே வரிசையை அமைப்பது வாதம். ஒரு நூல் எதை நம்பி எழுதப்பட்டது, யாரோடு சண்டை போடுகிறது என்பதே அடுத்த நூலைக் காட்டுகிறது. விற்பனையோ பதிப்பகமோ இதில் குறுக்கே வருவதில்லை.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனுக்குப் பின்னால் இரண்டு பெரிய வரலாற்று நூல்கள் இருக்கின்றன. ஒன்று, 1930-களில் ஆங்கிலத்தில் வெளிவந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', கே.வி. ராமன் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. மற்றொன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு. இரண்டிலும் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய பக்கத்துக்குப் போனால், இரண்டுமே உங்களை ஒரே இடத்துக்கு அனுப்பும்: காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உடைமைகளைப் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையைச் சொல்கிறது. நாவலில் இருட்டில் வந்து போகும் ரவிதாசன் கல்லில் இருக்கிறான். பஞ்சவன் பிரமாதிராஜன் என்று அவனுக்கு ஒரு பட்டமும் இருக்கிறது. அது உயர் அதிகாரிகளுக்குத் தரும் பட்டம். நந்தினி கல்லில் இல்லை. அவள் கல்கியின் படைப்பு. இந்த ஒரு பக்கத்தைப் படித்ததும் நாவல் சிறுத்துப்போவதில்லை. கல்லில் இருந்த மூன்று நான்கு பெயர்களிலிருந்து கல்கி எவ்வளவு எழுப்பினார் என்று வியப்பு கூடுகிறது.

ஒரே கல்வெட்டைப் படித்த இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. கொலையாளிகள் மீது நடவடிக்கை இவ்வளவு தாமதமாக வந்ததால், இடையில் ஆண்ட உத்தம சோழன் மீது சாஸ்திரிக்குச் சந்தேகம். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பின்னர் கல்வெட்டு ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் அதே கல்வெட்டை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வரலாறு என்றால் முடிந்துபோன செய்திகளின் பட்டியல் என்று பள்ளிக்கூடத்தில் பழகிவிட்ட நமக்கு, அறிஞர்கள் ஒரே கல்லின் முன்னால் நின்று வாதாடுவதைப் பார்க்கும்போதுதான் ஆய்வு என்பது என்னவென்று புரிகிறது. எந்தப் பரிந்துரைப் பட்டியலும் இந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுவராது.

அங்கிருந்து இன்னும் போகலாம். சோழ அரசு எவ்வளவு வலிமையானது என்பதில் சாஸ்திரியின் சித்திரத்தை 1980-இல் அமெரிக்க வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் மறுத்தார். அதிகாரம் துண்டு துண்டாகப் பிரிந்து, 'நாடு' எனப்பட்ட உள்ளூர்ப் பகுதிகளில் கிடந்தது என்றார். ஜப்பானிலிருந்து வந்த நொபோரு கராஷிமாவும் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒய். சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் உள்ள பெயர்களையும் வரிகளையும் எண்ணிக் கணக்கிட்டு, ஸ்டைன் சொன்னது பொருந்தாத இடங்களைக் காட்டினார்கள். நீங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்றால் நேராக மூலத்துக்கே போகலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றன. அதில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் பட்டியல் வருகிறது. ஒவ்வொருத்திக்கும் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எந்த வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, பங்கு ஒன்று என்று வரிசையாகப் போகிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம் என்று நாம் பஸ்ஸில் போகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். பக்கம் பக்கமாகப் பெயர்கள் மட்டுமே. ஆனாலும் வேகமாகப் புரட்ட முடியாது.

இந்த வழிக்கு வேண்டியது பொறுமை. தவிர, ஆய்வு நூல்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழிலேயே படிக்க விரும்புபவர், அறுபது எழுபதுகளில் கல்லூரிப் படிப்புக்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூற்றுக்கணக்கான நூல்களைத் தேடலாம். வரலாறு, பொருளியல், தத்துவம், அறிவியல் என்று எல்லாத் துறைகளிலும் இருக்கின்றன. நடை பழையது, ஆனால் தெளிவானது.

அடிக்குறிப்பு காட்டிய நூல் அச்சில் இல்லை என்றால் மின்னூலகம். தன்னார்வலர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். பண்டாரத்தாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளத்துக்கு ஈடில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு அந்த மண்ணின் அச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதன் அருமை நமக்குத் தெரியும். சிற்றிதழ்களும் ஊர் மலர்களும்கூட அங்கே இருக்கின்றன. ஆனால் மின்னூலகத்தில் பெயர் தெரிந்தால்தான் புத்தகம் கிடைக்கும். தேடுபெட்டிக்கு அடுக்கு கிடையாது, பக்கத்துப் புத்தகமும் கிடையாது. ஆகவே இது அடிக்குறிப்பின் துணைவன். தனியாகப் பெரிதாகப் பயன்படாது.

பழைய புத்தகக் கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகும் சென்னையில் அந்தத் தொழில் நிற்கவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். இங்கே வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றாலோ இறந்துபோனாலோ அவர் வீட்டு அலமாரி முழுவதும் ஒரே கட்டாக வந்து இறங்கும். ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ரசனை சில நாட்கள் தரையில் விரிந்திருக்கும். அது கிடைத்த நாள் நல்ல நாள். திட்டமிட்டுப் படிக்க நினைப்பவர் இதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மனிதர்களைக் கேட்பதும் ஒரு வழி. ஆனால் யாரைக் கேட்கிறோம் என்பது முக்கியம். உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கி, 1887-இல் ஐயர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் முன்சீபாக வந்தவர். தமிழ்ப் பண்டிதர் அல்லர். ஐயரின் ஆசிரியரும் உடன் படித்தவர்களும் மகா வித்வான்கள்தாம். ஆனால் எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் படித்தார்கள். உங்கள் ரசனையே உள்ள நண்பரிடம் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பதைத்தான் சொல்வார். உங்கள் ஊர் வேளாண் அலுவலரையோ வழக்கறிஞரையோ தொழிற்சங்கக்காரரையோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் அலமாரியில் இருப்பது நீங்கள் கேள்விப்படாத தமிழாக இருக்கலாம்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? கையில் பணம் குறைவு, நேரம் உண்டு என்றால் நூலகமும் அடிக்குறிப்பும் போதும், வேறெதுவும் வேண்டாம். பணம் உண்டு, நேரம் குறைவு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை புத்தகக் காட்சிக்குப் போய், பெரிய அரங்குகளுக்கு முன் நிறுவன அரங்குகளில் பாதித் தொகையைச் செலவழியுங்கள். வெளிநாட்டில் இருந்தால் மின்னூலகத்தோடு, துணைநூற்பட்டியல் உள்ள நல்ல வரலாற்று நூல் ஒன்றைத் தருவித்து வைத்துக்கொள்ளுங்கள். தேடுபெட்டியில் எழுத வேண்டிய பெயர்களை அது கொடுக்கும். அரிய பழைய அச்சு ஒன்று எங்குமே கிடைக்கவில்லை என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒருவர் தன் முயற்சியில் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களிலிருந்து எழுந்த நூலகம் அது. கன்னிமாரா நூலகமும் உண்டு. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று.

பொன்னியின் செல்வனை முடித்த நம் வாசகர் ஒரே ஒரு பெயரைக் கேட்டால், பண்டாரத்தாரின் முதல் பகுதி என்பேன். நல்ல தமிழ், அளவான பக்கங்கள், செலவும் இல்லை. சுந்தர சோழன் பகுதி வரும்போது கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைத் தாண்டாமல் படித்து, அவற்றில் வரும் நூற்பெயர்களைத் தாளில் எழுதிக்கொள்ளட்டும்.